அணா விலையில் அரசியல்

1931 அக்டோபர் 4-ம் தேதி வெளியான 'குடிஅரசு' இதழில் ஒரு புதிய தொடர் ஆரம்பமாயிற்று. மார்க்சும் எங்கெல்சும் 1848-ல் வெளியிட்ட கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழாக்கம் அது. ஈரோட்டில் அச்சாகி ரயிலேறிய அந்த வார இதழை வாங்கியவர்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. வாங்க வசதியில்லாதவர்கள், எழுத்தே தெரியாதவர்கள், இன்னொருவர் வாசிக்கக் காதால் கேட்டார்கள். ஐரோப்பாவின் அரசியல் சிந்தனை தமிழ்நாட்டுச் சாமானியரிடம் வந்து சேர்ந்த வழி இதுதான். கல்லூரிகள் அந்த வேலையைச் செய்யவில்லை.

தொடருக்கு, இதழை நடத்திய பெரியார் ஒரு முன்னுரை எழுதியிருந்தார். மற்ற நாடுகளில் முதலாளி, தொழிலாளி என்பதே முதல் பிரச்சினை. இங்கே மேல்ஜாதி, கீழ்ஜாதி என்பது அதற்கும் முன்னால் வந்து நிற்கிறது என்பது அதன் சாரம். ஒரு பெரிய நூலை அறிமுகம் செய்கிற இடத்திலேயே, இந்த மண்ணில் அது எங்கே பொருந்துகிறது, எங்கே போதவில்லை என்று சொல்லிவிடுகிற துணிச்சல் அதில் இருக்கிறது. ஜாதியையும் வர்க்கத்தையும் பற்றிப் பின்னாளில் ஆய்வரங்குகளில் நடந்த வாதங்கள் பலவற்றுக்கு அந்தச் சில பத்திகளிலேயே விதை விழுந்துவிட்டது.

இதற்கெல்லாம் அரை நூற்றாண்டுக்கு முன்பே சென்னையில் ஒரு சிறு கூட்டம் இந்தப் பாதையில் நடந்திருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன சமயம். கடவுள், ஜாதி, வறுமை என்று எல்லாவற்றையும் கேள்வி கேட்ட அந்தச் சுயசிந்தனையாளர்கள் லண்டனில் சார்லஸ் பிராட்லா நடத்திய பத்திரிகையை வரவழைத்துப் படித்தார்கள். 1880-களில் தமிழில் 'தத்துவவிவேசினி' என்ற இதழை நடத்தினார்கள். மக்கள்தொகையைப் பற்றி மால்தஸ் சொன்னது முதல் விவசாயிகள் மீதான வரி வரை அதில் விவாதிக்கப்பட்டது. பேராசிரியர் வீ. அரசு அந்த இதழ்களைத் தேடித் தொகுக்கும்வரை தமிழ்ப் பொதுவாசகர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. நூறாண்டுக்கும் மேலாக ஒரு வாசிப்பு மரபே மறந்துபோயிருந்தது என்பது சின்ன இழப்பல்ல.

பெரியாரின் சுயமரியாதை இயக்கத்துக்குப் புத்தகப் பெட்டகமாக இருந்தவர் ம. சிங்காரவேலர். 1860-ல் பிறந்தவர், மீனவர் குலத்தைச் சேர்ந்தவர், உயர் நீதிமன்ற வழக்கறிஞர். ஒத்துழையாமை இயக்கத்தில் வக்கீல் தொழிலையே உதறியவர். 1923 மே 1-ம் தேதி சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். கடற்கரையை ஒட்டிய அவர் வீட்டில் இருந்த நூலகத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுவதில்லை. பொதுவுடைமை நூல்கள் கப்பலில் வந்தால் சுங்கச் சட்டத்தைக் காட்டிப் பறிமுதல் செய்த காலத்தில் பல்லாயிரம் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருந்தார். சேர்த்ததோடு நிற்கவில்லை. எழுபது வயதைத் தாண்டிய பிறகு, படித்ததையெல்லாம் பிழிந்து 'குடிஅரசு' வாசகர்களுக்குக் கட்டுரை கட்டுரையாகக் கொடுத்தார். பரிணாமம், வானவியல், உளவியல், கூலி, லாபம், மூடநம்பிக்கை என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. தமிழ்நாட்டில் ஒரு தனிமனிதரின் புத்தக அலமாரி பொதுமக்களுக்கு இவ்வளவு பயன்பட்டதற்கு இன்னொரு உதாரணம் சொல்வது கடினம்.

அரசாங்கம் இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தது. 1933 அக்டோபர் கடைசியில் வெளியான 'இன்றைய ஆட்சிமுறை ஏன் ஒழிய வேண்டும்' என்ற தலையங்கத்துக்காகப் பெரியார் மீதும், வெளியிட்டவர் என்ற முறையில் அவருடைய தங்கை கண்ணம்மாள் மீதும் ராஜத்துரோக வழக்குப் பாய்ந்தது. இருவரும் சிறைக்குப் போனார்கள். 'குடிஅரசு' நின்றபோது 'புரட்சி' என்ற பெயரில் வேறொரு வார இதழ் வந்தது.

அடுத்த அடி ஒரு சிறு புத்தகத்துக்காக விழுந்தது. பகத்சிங் சிறையில் எழுதி, அவர் தூக்கிலிடப்பட்ட பிறகு 1931 செப்டம்பரில் லாகூரில் அச்சான நாத்திகக் கட்டுரையை ப. ஜீவானந்தம் தமிழாக்கினார். 'நான் நாத்திகன் ஏன்?' என்ற அந்த வெளியீட்டுக்காக 1935-ல் ஜீவாவும், வெளியிட்ட ஈ.வெ. கிருஷ்ணசாமியும் கைதானார்கள். அணா கணக்கில் விற்ற ஒரு பிரசுரத்துக்குப் போலீஸ் அனுப்ப வேண்டிய அளவுக்கு அரசாங்கத்துக்குக் கலக்கம் இருந்திருக்கிறது. அந்த ஆண்டிலேயே, இயக்கத்தைக் காப்பாற்ற வேண்டி, பொதுவுடைமைப் பிரசாரத்தை ஒதுக்கிவைப்பதென்று பெரியார் முடிவெடுத்தார். ஜீவா போன்றவர்கள் வேறு வழியில் போனார்கள். ஆனாலும் மொழிபெயர்ப்பு வேலை நிற்கவில்லை. அம்பேத்கர் 1936-ல் வெளியிட்ட ஜாதி ஒழிப்பு நூல் சூட்டோடு சூடாகக் 'குடிஅரசு' வழியாகவே தமிழுக்கு வந்தது.

கட்சி எதையும் சாராமல் இதே காரியத்தை வாழ்நாள் முழுக்கச் செய்தவர் வெ. சாமிநாத சர்மா. திரு.வி.க.வின் 'தேசபக்தன்', 'நவசக்தி' இதழ்களில் எழுதிப் பழகியவர். பிறகு ரங்கூனுக்குப் போய் 'ஜோதி' பத்திரிகையை நடத்தினார். பிளேட்டோவின் 'ரிபப்ளிக்', ரூஸோவின் சமுதாய ஒப்பந்தம் ஆகியவற்றைத் தமிழில் தந்தவர் அவர். மார்க்ஸ், முசோலினி, ஹிட்லர், கமால் பாட்சா என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத மனிதர்களின் வரலாறுகளை, வாசகன் தானே முடிவு செய்துகொள்ளட்டும் என்ற நிதானத்தோடு எழுதினார். 1942-ல் ஜப்பானியர் குண்டு வீசியபோது, மனைவி மங்களத்துடன் காடும் மலையும் கடந்து இந்தியா வந்து சேர்ந்தார். ஊர் திரும்பியதும் மறுபடியும் எழுத உட்கார்ந்தார். கல்லூரிப் படிப்பில்லாத எத்தனையோ பேருக்கு அரசாங்கம் என்றால் என்ன, பிரஜையின் உரிமை என்ன என்பதைச் சொல்லித்தந்தவை அவருடைய புத்தகங்கள்தான். அதற்கேற்ற மரியாதையைத் தமிழ்நாடு அவருக்குச் செய்யவில்லை என்றே சொல்ல வேண்டும்.

1940-களிலும் 50-களிலும் வாசிப்பு தெருவுக்கே வந்துவிட்டது. கீற்றுக் கொட்டகை, வாசலில் கொடிக்கம்பம், உள்ளே இரண்டு நீள பெஞ்சு, சுவரில் தலைவர் படம்: அதுதான் படிப்பகம். காலையில் பேப்பர் வந்ததும் ஒருவர் உரக்க வாசிப்பார். பீடி சுற்றுகிறவரும் தறி ஓட்டுகிறவரும் வேலைக்குப் போகும்முன் நின்று கேட்பார்கள். கேட்டது அங்கிருந்து சலூனுக்கும் டீக்கடைக்கும் போகும். பொருளாதாரத்தில் பட்டம் பெற்ற அண்ணாதுரை, வடநாட்டு முதலாளிகளின் ஆதிக்கத்தைப் பற்றி எழுதிய 'பணத்தோட்டம்' இந்தச் சூழலுக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கும். மில், வங்கி, மூலதனம் என்று வறண்டுபோகக்கூடிய விஷயத்தை மேடைப்பேச்சின் ஓட்டத்தோடு அவரால் சொல்ல முடிந்தது. பொருளாதாரத்தைக் கூட்டமாக உட்கார்ந்து கேட்கவைத்ததை திராவிட இயக்கத்தின் பெரிய சாதனைகளில் ஒன்றாகவே கொள்ளலாம்.

1951-ல் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் தொடங்கியது. மாஸ்கோவில் அச்சான கெட்டி அட்டைத் தமிழ்ப் புத்தகங்கள் அதன் வழியாக மலிவு விலையில் வந்தன. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்ற மொழிபெயர்ப்பாளர்களின் உழைப்பு அவற்றில் இருக்கிறது. சோவியத் நாடு 1991-ல் உடைந்ததும் அந்த வரத்து நின்றுபோனது. மார்க்சின் 'மூலதனம்' மட்டும் வேறொரு வழியில் வந்தது. மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டுச் சிறையில் இருந்த தியாகு, அங்கேயே அதை மொழிபெயர்த்தார். 1998-ல் அது நூலாயிற்று. ஜெர்மன் மொழியில் முதல் பாகம் வந்து அப்போது 131 ஆண்டுகள் ஆகியிருந்தன.

படிப்பகங்கள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. அங்கே புழங்கிய அணா வெளியீடுகள் நூலகங்களுக்குப் போய்ச் சேரவில்லை; சேர்ந்தவையும் முழுமையாக இல்லை. மட்டமான தாளில் அச்சடித்தவை என்பதால் அவை ஒடிந்து உதிர்கின்றன. தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ பரணிலோ அப்படி ஒரு கட்டு கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்க்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, புதுக்கோட்டையில் ஞானாலயா இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.