சேலத்துக் கள்ளுக்கடையும் நாசிக் ஒயின் கூடமும்



நாசிக் போய்வந்த பழைய மாணவர் ஒருவர், அங்கே ஒயின் தோட்டத்தில் எடுத்த படங்களை அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கேள்வி: "ஐயா, நம்ம சேலம், நாமக்கல் பக்கம் ஏன் இப்படி ஒண்ணுகூட இல்லை?" ஒருவருக்கு மட்டும் பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் எழுதலாமே என்று தோன்றியது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கூடத்தில் என்ன நடக்கிறது? நாலைந்து வகை ஒயினை ஆளுக்கு இரண்டு மடக்கு ஊற்றித் தருகிறார்கள். நிறம் பார்த்து, கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, பிறகு சுவைக்க வேண்டும். பக்கத்திலேயே சிறிய உணவகம். பிரெஞ்சுக்காரர்கள் அதை பிஸ்ட்ரோ என்பார்கள். மகாராஷ்டிர அரசு 2001இல் திராட்சை ஒயினுக்கென்றே தனிக் கொள்கை வகுத்துச் சலுகைகள் கொடுத்தது. நாசிக்கின் சூலா நிறுவனம் 2005இல் சுவைக்கூடம் திறந்தது.

யோசித்துப் பார்த்தால் நம் ஊரிலும் இது இருந்தது. பெயர்தான் வேறு: கள்ளுக்கடை. அதையொட்டிச் சாக்கணாக் கடை. சுண்டல், கருவாடு, வறுத்த கறி. அதுதான் நம் பிஸ்ட்ரோ!

கள் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தகடூர் அதியமான் கள்ளைப் பகிர்ந்து கொடுத்த பண்பை ஔவையார் பாடியிருக்கிறார். யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் அருந்தியதும் புறநானூற்றில் உண்டு. வெளிநாட்டுச் சரக்கு அரசனுக்கு, உள்ளூர்க் கள் எல்லோருக்கும் என்பது அன்றே இருந்த வழக்கம்தான்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு விஞ்ஞானத்தில் இருக்கிறது. ஒயினைப் புட்டியில் அடைத்து ஆண்டுக்கணக்கில் வைக்கலாம், கப்பலேற்றலாம், விலை ஏற்றலாம். கள் அப்படியல்ல. பாளையைச் சீவிக் கலயம் கட்டியதுமே காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, மாலையில் புளிப்பு, மறுநாள் காடி. அதனால் மரத்துக்குப் பக்கத்திலேயே கடை இருந்தாக வேண்டும். கள்ளில் சாராயச் சத்து சுமார் 4 முதல் 6 விழுக்காடு. ஒயினில் 12க்கு மேல். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிவிட்டால் புளிக்காது, அதுதான் பதநீர். ஒரே மரம், ஒரே ஆள், நடுவில் ஒரு விரல் சுண்ணாம்பு. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். இதற்கு ஆப்காரி வருமானம் என்று பெயர். சென்னை மாகாண வருமானத்தில் ஏறத்தாழக் கால் பங்கு இதிலிருந்துதான் வந்தது. குடிப்பவன் கூலிக்காரன், பள்ளிக்கூடம் நடப்பது அவன் காசில். இந்தக் கணக்குதான் ராஜாஜியை உறுத்தியது.

அவர் சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்தவர். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மதுவிலக்குக்கென்றே அங்கிருந்து 'விமோசனம்' என்ற பத்திரிகை நடத்தினார். கல்கி அவருக்குத் துணையாக இருந்தார். 1937இல் முதலமைச்சரானதும், அக்டோபர் 1 அன்று மாகாணத்திலேயே முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது. அமெரிக்கா 1920இல் கொண்டுவந்த மதுவிலக்கை 1933இல் கைவிட்டுவிட்டது. நான்கே ஆண்டுகள் கழித்து நம் மாவட்டம் அதைத் தொடங்கியது!

அடுத்த ஆண்டு சித்தூர், கடப்பை, அதற்கடுத்து வடாற்காடு என்று விரிந்தது. வருமானத்தில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இன்று கடையில் ஜி.எஸ்.டி. போட்ட ரசீது வாங்கும்போது, அதன் மூதாதை ஒருவர் நம் ஊர்க் கள்ளுக்கடைகளை மூடியதால் பிறந்தவர் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள்.

கூலி முழுதாக வீடு வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு 1937 ஒரு விடியல். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மரமேறிகள்? பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச உரிமம் கொடுத்தார்கள். சுண்ணாம்பு தடவிய கலயம் பிழைக்க வழி காட்டியது, ஆனால் காய்ச்ச விறகு வேண்டும், விற்கச் சந்தை வேண்டும். உயிரைப் பணயம் வைத்து மரம் ஏறியவரின் வருமானத்தைப் பற்றி வரலாற்றுப் பாடநூலில் ஒரு வரிகூட நான் நடத்தியதில்லை, அதில் இருந்ததுமில்லை.

பிறகு நடந்தது சுருக்கமாக. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தியது. ஓமந்தூரார் காலத்தில், 1948இல் மாகாணம் முழுதும் வந்தது. 1971இல் தளர்ந்தது, 1974க்குள் திரும்பியது, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1987 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. அதற்கு முன்பே, 1983இல் டாஸ்மாக் பிறந்துவிட்டது. 2003இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். மது வருமானத்தை விடுவதற்காக வந்த விற்பனை வரி தங்கிவிட்டது. விட்ட மது வருமானமும் திரும்பி வந்துவிட்டது. திரும்பி வராதது மரமேறியின் பிழைப்பு மட்டும்தான். பனை நம் மாநில மரம், அதில் கள் இறக்கினால் வழக்கு. அதைவிடப் பல மடங்கு வீரியமுள்ள ஆலைச் சரக்கு அரசுக் கடையில்.

ஆக, மாணவரின் கேள்விக்கு என் பதில்: நம் ஊரில் ஒயின் கூடம் இல்லாததற்குக் காரணம் மண்ணோ வெயிலோ மட்டுமல்ல, சட்டம். நாசிக்கில் விவசாயியின் விளைச்சலை அரசு ரசனையாக்கியது. நாம் நம் விளைச்சலைக் குற்றமாக்கிவிட்டு, ஆலைச் சரக்கை வருமானமாக்கினோம். கள்ளைத் திறக்கச் சொல்லி நான் எழுதவில்லை, குடி கெடுத்த வீடுகளை என் வகுப்பறைப் பிள்ளைகளின் முகத்திலேயே பார்த்தவன் நான். தடை என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே நியாயம் வேண்டும் என்பதுதான் என் கருத்து.

உங்கள் வீட்டில் பாளை சீவிய தாத்தாவோ, பனைவெல்லம் காய்ச்சிய பாட்டியோ இருந்தால், அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள். தள்ளிப் போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்