‘10டி’ எனத் தொடங்கும் இரண்டு வில்லைகள்

டிவியோ, கணினியோ, எதுவானாலும் அதன் பவர் சப்ளை போர்டில் கரண்ட் நுழையும் ஓரத்தைப் பாருங்கள். பியூஸுக்கு அருகே சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு கால் வில்லை ஒன்று நிற்கும்; பலவற்றில் இரண்டு நிற்கும். ஒன்று தெர்மிஸ்டர், பழுதுபார்ப்பவர் வாயில் என்டிசி. மற்றது வேரிஸ்டர், அதாவது எம்ஓவி. நீலம் என்றால் எம்ஓவி, பச்சையோ கறுப்போ என்றால் என்டிசி என்பார்கள். நிறத்தை நம்பி நான் எதையும் மாற்ற மாட்டேன்.

மேலே அச்சிட்டதைப் படித்தால் தீர்ந்தது என்று தோன்றும். அங்கேதான் வம்பு. ஒன்றில் 10டி-9 என்றிருக்கும், இன்னொன்றில் 10டி471கே. என்டிசியில் முன்னால் உள்ள பத்து, 25 டிகிரி செல்சியஸில் 10 ஓம் மின்தடை. பின்னால் வரும் 9 மில்லிமீட்டரில் விட்டம். எம்ஓவியிலோ அந்தப் பத்தே விட்டம். 471 என்பது 47-க்குப் பின் ஒரு சுழியம், ஆக 470 வோல்ட். கே என்றால் அதில் 10 சதவீதம் கூடலாம், குறையலாம்.

ஆகவே போர்டைத் திருப்பிச் செப்புத் தடத்தைப் பின்தொடர்வதே மேல். (பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்; முதலில் அதை இறக்கிவிடுங்கள்.) என்டிசி பாதையின் நடுவே தொடராக நிற்கும். சுவிட்சைப் போட்ட கணத்தில் காலியான கெப்பாசிட்டர் ஒரேயடியாகக் கரண்டை இழுக்கும்; அதை மட்டுப்படுத்திவிட்டு, தானே சூடேறி, மின்தடை குறைந்து வழிவிடும். ஓடும் நேரமெல்லாம் சூட்டிலேயே இருப்பதால் அதன் அடியில் போர்டு பழுப்பேறியிருப்பதும் உண்டு.

எம்ஓவி பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே, பியூஸைத் தாண்டி நிற்கும். சாதாரண நாளில் அதற்கு வேலையே இல்லை. 230 வோல்ட் சப்ளையின் உச்சம் 325தான். இடி இறங்கினாலோ, தெருவில் நியூட்ரல் அறுந்து வோல்டேஜ் எகிறினாலோ அது கடத்தத் தொடங்கி, பியூஸைப் போக்கிவிட்டுப் பல நேரம் தானும் வெடிக்கும்.

கழற்றி மீட்டர் வைத்தால், ஆறிய 10டி-9 பத்து ஓம் பக்கம் காட்டும். காலில் சால்டரிங் அயர்னைத் தொட்டால் எண் கண்ணெதிரே இறங்கும். நல்ல எம்ஓவியில் மீட்டர் அசையாது. இடம் மாற்றிப் பொருத்தினால்? என்டிசி இடத்தில் எம்ஓவி நின்றால் சாதனம் உயிர்பெறாது, அவ்வளவுதான். எம்ஓவி இடத்தில் என்டிசி நின்றால் 230 வோல்டுக்குக் குறுக்கே 10 ஓம். எடுத்த எடுப்பில் 23 ஆம்பியர், பியூஸ் காலி.

வெடித்த எம்ஓவியை வெட்டி எறிந்து, பியூஸை மட்டும் மாற்றிக் கொடுக்கும் கடைகளும் உண்டு. என்டிசி இல்லாவிட்டால் உடனே குட்டு வெளிப்படும். எம்ஓவி இல்லாதது அடுத்த இடிமழையில்தான் தெரியும். பழைய போர்டு வாங்குபவர், ‘ஆர்வி’ என்று அச்சிட்ட இடத்தில் வெட்டிய கால்கள் மட்டும் நிற்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளட்டும்.