நிலத்துக்கு விலை சொல்றது யாரு?

சங்கரன்கோவில் ரத வீதியில ஒரு கடைக்கு என்ன விலைன்னு கேட்டுப் பாருங்க. நாலு பதில் கிடைக்கும். பத்திரப் பதிவு ஆபீஸ்ல ஒரு விலை, அதுக்குப் பேரு வழிகாட்டி மதிப்பு. டீக்கடையில தரகர் சொல்ற விலை ஒண்ணு. பேங்குக்கு மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுக்கிற விலை ஒண்ணு. கேஸுன்னு போனா கோர்ட் முடிவு பண்ற விலை இன்னொண்ணு. இடம் ஒண்ணுதான், சுவரு ஒண்ணுதான். விலை மட்டும் எப்படி நாலாச்சு?

பொட்டி தட்டுற எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. சித்தப்பா தன்னோட விசைத்தறி ஷெட்டை அடமானம் வச்சு பேங்க்ல கடன் கேட்டார். மதிப்பீட்டு அறிக்கை வந்ததும், "ஏல, நீதான் என்ஜினியராச்சே, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லு"ன்னு எனக்கு அனுப்பிட்டார். அதைப் படிக்க ஆரம்பிச்சுதான் இந்த வரலாறுக்குள்ள விழுந்தேன்.

விலை இல்லாத காலம்

ராஜராஜ சோழன் கி.பி. 1001 வாக்குல நிலத்தை அளந்தார்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். வேலி, மா, காணி, முந்திரின்னு நுணுக்கமா அளந்திருக்காங்க. ஆனா அந்த அளவு எல்லாமே வரிக்காக. "இந்த நிலம் எவ்வளவு விளையும்?" இதுதான் கேள்வி. "இதை வித்தா என்ன கிடைக்கும்?" அப்படிங்கிறது ராஜாவோட கவலை இல்லை.

வெள்ளைக்காரன் வந்தப்பவும் கதை அதேதான். 1792-க்கு அப்புறம் பாரமகால்ல (இப்போதைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம்) அலெக்ஸாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ரயத்வாரி முறையைத் தொடங்கினாங்க. ஜமீனை விட்டுட்டு விவசாயிகிட்ட நேரடியா வரி வாங்குற முறை. பிற்பாடு வந்த செட்டில்மெண்ட்ல மண்ணைப் பார்த்துத் தரம் போட்டாங்க. கரிசலா, செவலா, நஞ்சையா, புஞ்சையா, தண்ணி எங்கேயிருந்து வருது... இதையெல்லாம் வச்சு ஏக்கருக்கு இவ்வளவு தீர்வை. ஊர்ல பழைய ஆளுங்க இன்னிக்கும் "தரம் என்ன, தீர்வை என்ன"ன்னு கேக்கிறது அந்த மிச்சம்தான்.

நாம "சென்ட்"னு சொல்றோமே, அதுவும் அங்கேயிருந்து வந்ததுதான். சர்வேக்காரங்க இழுத்த சங்கிலியோட நீளம் 66 அடி. பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஏக்கர்ல நூத்துல ஒரு பங்கு ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. 435 பக்கத்துல அந்த .6 எதுக்கு ஒட்டிக்கிட்டு இருக்குன்னு சின்ன வயசுல இருந்தே எனக்குச் சந்தேகம். 66-ஐ 66-ஆல பெருக்கி 10-ஆல வகுத்துப் பாருங்க, விடை கிடைச்சுடும் :-)

இன்னொரு சமாச்சாரம். 1794-ல் மெட்ராஸ்ல சர்வே கத்துக் கொடுக்க ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. அதுதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆச்சு. நம்ம ஊர்ல என்ஜினியரிங் படிப்புக்கு மூல விதையே நிலத்தை அளக்கிற வேலைதான்! 1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை பக்கம் அடிக்கோடு போட்டு இந்தியாவையே முக்கோணம் முக்கோணமா அளக்கத் தொடங்கினார். அளவுப் பிரச்சனை ஒரு வழியா தீர்ந்துச்சு. விலைப் பிரச்சனை அப்புறம்தான் ஆரம்பிச்சது.

விலை பிறந்த கதை

ரயிலுக்கும் ரோட்டுக்கும் சர்க்கார் நிலம் எடுக்கணும். எடுத்தா நஷ்டஈடு கொடுக்கணும். எவ்வளவு? 1894-ம் வருஷத்து நில எடுப்புச் சட்டம் "சந்தை மதிப்பு"ன்னு சொல்லிடுச்சு. சந்தை மதிப்புன்னா என்ன?

இதுக்குப் பதில் சொன்ன பெரிய வழக்கு நம்ம பழைய மெட்ராஸ் மாகாணத்துல இருந்துதான் போச்சு. விசாகப்பட்டினம் துறைமுகத்துக்காக ஒரு ராஜாவோட நிலத்தை எடுத்தாங்க. அந்த நிலத்துல நல்ல தண்ணி ஊத்து இருந்துச்சு. "துறைமுகத்துக்கே தண்ணி கொடுக்கலாமே, அதையும் சேர்த்து மதிப்புப் போடு"ன்னார் ராஜா. "அந்தத் தண்ணிக்கு எங்களை விட்டா வேற யாரு வாங்க ஆளு?"ன்னு எதிர்த்தரப்பு. லண்டன்ல பிரிவி கவுன்சில் 1939-ல் தீர்ப்பு சொல்லுச்சு: விக்க மனசு உள்ளவனும் வாங்க மனசு உள்ளவனும் பேசி வர்ற விலைதான் சந்தை மதிப்பு. வாங்கக் கூடியவன் ஒருத்தன்தான் இருக்கான்னாலும், நிலத்துல ஒளிஞ்சிருக்கிற வாய்ப்புக்கும் விலை உண்டு. இங்கிலாந்துல நில எடுப்பு வழக்குகள்லகூட இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டியிருக்காங்க.

அடுத்து ஜமீன் ஒழிப்பு. நம்ம பக்கம் சிவகிரி, தலைவன்கோட்டைன்னு ஜமீன்கள் நிறைய. 1948-ம் வருஷத்துச் சட்டப்படி சர்க்கார் எஸ்டேட்டை எடுத்துக்கிட்டு நஷ்டஈடு கொடுத்தப்ப ஒரு கணக்கு வச்சாங்க. ஒவ்வொரு எஸ்டேட்டுக்கும் ஆண்டு அடிப்படைத் தொகைன்னு ஒண்ணு. அதை இத்தனை மடங்கு பெருக்கு. சின்ன எஸ்டேட்டுக்கு 30 மடங்கு, ரொம்பப் பெரிசுக்கு 12.5 மடங்கு. 12.5 மடங்குன்னா வருமானம் மதிப்புல 8 சதவீதம். இன்னிக்கு கமர்ஷியல் கட்டடங்களை மதிப்புப் போட உலகம் பூரா செய்றது அடிப்படையில இதே கணக்குதான். கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு "கேப் ரேட்"னு சொல்லுவாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதையே தலைகீழா செஞ்சது. இடத்தோட மதிப்பையும் கட்டடத்தோட மதிப்பையும் கூட்டி, அதுல ஒரு சதவீதம்தான் நியாய வாடகை. 1973 திருத்தத்துக்கு அப்புறம் வீடுன்னா 9, கடைன்னா 12. 2019-ல் புதுச் சட்டம் வந்து அது போயாச்சு. ஆனா ஊர்ல வாடகைக் கேஸ் நடத்தின ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்த 12 மனப்பாடம்.

சான்றிதழ் வந்தது ஏன்?

லண்டன்ல 1868-லயே சர்வேயர்களுக்குன்னு சங்கம் வச்சாச்சு (இன்னிக்கு ஆர்.ஐ.சி.எஸ்.). அமெரிக்காவுல பொருளாதாரம் படுத்த நேரத்துல, 1932-ல், மதிப்பீட்டாளர்கள் சங்கம் ஆரம்பிச்சு எம்.ஏ.ஐ.ங்கிற பட்டத்தைக் கொண்டு வந்தாங்க. ஆனா அங்க மதிப்பீட்டாளருக்கு லைசென்ஸ் வேணும்னு சட்டம் வந்தது 1989-லதான். சேமிப்பு வங்கிகள் கும்பல் கும்பலா கவிழ்ந்தப்ப, கண்ட கட்டடத்துக்கெல்லாம் கண்டபடி மதிப்பு எழுதிக் கொடுத்ததும் ஒரு காரணம்னு தெரிஞ்சது. அதுக்கப்புறம்தான் சட்டம்.

நம்ம நாட்டுல வழி வேற. இங்க மதிப்பீட்டாளரை உருவாக்கினது சொத்து வரி. 1957-ல் செல்வ வரிச் சட்டம் வந்துச்சு. ஆளாளுக்குச் சொத்து மதிப்பைக் குறைச்சுக் காட்ட, 1972 திருத்தத்துல "பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்"னு ஒரு ஆளைச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. அதுதான் 34ஏபி பிரிவு. செல்வ வரியையே 2015-ல் ஒழிச்சுட்டாங்க. ஆனா அந்த வரிக்காகப் பிறந்த மதிப்பீட்டாளர் போகலை, பேங்க் வாசல்ல நின்னுக்கிட்டார்.

அடுத்த கட்டம் 2017. கம்பெனிச் சட்டத்தோட 247-ம் பிரிவுக்கு விதிகள் வந்துச்சு. நிலமும் கட்டடமும், இயந்திரங்கள், பங்குப் பத்திரங்கள்னு மூணு வகை. நிலம்-கட்டடம்னா சிவில் என்ஜினியரிங், ஆர்கிடெக்சர் மாதிரி டிகிரியும் அஞ்சு வருஷ அனுபவமும் வேணும் (மேற்படிப்பு இருந்தா மூணு வருஷம்). அப்புறம் பயிற்சி வகுப்பு, கம்ப்யூட்டர்ல தேர்வு, திவால் வாரியத்துல பதிவு. (கம்ப்யூட்டர் சயின்ஸ்காரனுக்கு இதுல இடமில்லை மக்களே, நான் ஏற்கெனவே பாத்துட்டேன்!) திவாலான கம்பெனிக்கு ரெண்டு பேர் தனித்தனியா மதிப்புப் போடணும். ரெண்டும் ரொம்ப விலகி நின்னா மூணாவது ஆள். பெரிய சொத்துக்கு, அதாவது 50 கோடிக்கு மேல போனா, பேங்கும் ரெண்டு அறிக்கை வாங்கணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு.

இதை யோசிச்சுப் பாருங்க. மதிப்புங்கிறது ஒருத்தர் சொல்லி முடியற விஷயமில்லைன்னு சட்டமே ஒத்துக்குது. ஆனா எங்க ஊர்த் தறி ஷெட்டு 50 கோடிக்கா போகும்? அதனால சின்ன ஆளுக்கு ஒரே ஒரு அறிக்கை, ஒரே ஒருத்தரோட கருத்து. அதை வச்சுத்தான் கடன், வட்டி, சில சமயம் ஏலம் வரைக்கும்.

மென்பொருள் என்ன கிழிச்சது?

இது நம்ம ஏரியா. 1979-ல் விசிகால்க் வந்துச்சு, பின்னாடியே லோட்டஸ், 1985-ல் எக்ஸெல். பத்து வருஷ வாடகையை ஒவ்வொரு வருஷமா எழுதி இன்றைய மதிப்புக்குக் கொண்டு வர்ற வேலை காகிதத்துல நாள் கணக்குல இழுக்கும். இதுல நிமிஷக் கணக்கு. வெளிநாட்டுல பெரிய ஆபீஸ் கட்டடம், மால் எல்லாத்துக்கும் ஆர்கஸ்னு ஒரு மென்பொருள் பிரபலம். ஒவ்வொரு கடையோட ஒப்பந்தத்தையும் உள்ள ஏத்தி, எப்போ காலியாகும், வாடகை எப்போ ஏறும்னு கணக்குப் போடும்.

சித்தப்பாவோட அறிக்கை எக்ஸெல்லும் வேர்டும்தான். அதனால கேவலம்னு நினைக்காதீங்க. மாசம் 20,000 ரூபா வாடகை வர்ற கடைன்னு வைங்க. வருஷத்துக்கு 2.4 லட்சம். 8 சதவீதம்னு எடுத்தா மதிப்பு 30 லட்சம். 6 சதவீதம்னு எடுத்தா 40 லட்சம். ஒரே ஒரு கட்டத்துல ரெண்டு பாயிண்ட் மாத்தினா பத்து லட்சம் நகருது! எக்ஸெல்ல போட்டாலும் ஆர்கஸ்ல போட்டாலும் இதே விடைதான். அந்த 8-ஆ 6-ஆங்கிறதை மென்பொருள் சொல்லாது. பக்கத்துல நடந்த உண்மையான வியாபாரம்தான் சொல்லணும்.

அங்கதான் இடிக்குது. ரத வீதி கடைகள்ல அட்வான்ஸ் ஒண்ணு, பகடி ஒண்ணு, காகிதத்துல உள்ள வாடகை ஒண்ணு, கையில வாங்குறது ஒண்ணு. பத்திரத்துல எழுதுற விலையும் முழு விலை இல்லை. முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க வழிகாட்டி மதிப்பை ஒட்டியே எழுதிடறோம்.

அந்த வழிகாட்டி மதிப்பே இந்தத் தில்லுமுல்லுக்கு மருந்தா வந்ததுதான். குறைச்சு எழுதினா பதிவாளர் கலெக்டருக்கு அனுப்பலாம்னு 47ஏ பிரிவை மெட்ராஸ் மாகாணம் 1967-ல் கொண்டு வந்துச்சு. அதை நடைமுறைப்படுத்தத்தான் தெருவுக்குத் தெரு விலைப்பட்டியல். 2017 ஜூன்ல அந்தப் பட்டியலை 33 சதவீதம் குறைச்சுட்டு, பதிவுக் கட்டணத்தை 1-ல இருந்து 4 சதவீதமா ஏத்தினாங்க. 2023-ல் கட்டணம் 2 ஆச்சு. ஒரு ராத்திரியில ஊர்ல எந்தச் சுவரும் இடியலை, ஆனா காகிதத்துல மூணுல ஒரு பங்கு மதிப்பு காணாமப் போச்சு. 2018-ல் பதிவுத்துறை ஸ்டார் 2.0 மென்பொருளுக்கு மாறுச்சு. நல்ல விஷயம்தான். ஆனா குறைச்சு எழுதின விலையை வேகமா பதிவு பண்றதால அது நிஜ விலை ஆயிடாது. குப்பையைப் போட்டா குப்பைதான் வரும், நம்ம தொழில்ல முதல் பாடமே அதுதானே.

இதுல அடி வாங்குறது யாரு? நிலத்தைப் பறிகொடுக்கிறவன். வழிகாட்டிப் பட்டியலை வச்சு நஷ்டஈடு கேக்க முடியாதுன்னு 1994-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, நடந்த விற்பனையைக் காட்டுன்னாங்க. நடந்த விற்பனைப் பத்திரமோ குறைச்சு எழுதினது! 2013 சட்டம் கொஞ்சம் பரவாயில்லை. முத்திரைச் சட்ட மதிப்பு, மூணு வருஷ விற்பனைப் பத்திரங்கள்ல மேல் பாதியோட சராசரி, இதுல எது கூடவோ அதை எடுத்துக்கணும். அதுக்கு மேல நூறு சதவீத ஆறுதல் தொகையும் உண்டு. ஆனா மேல் பாதியும் பொய்யா இருந்தா, பொய்யோட ரெண்டு மடங்குதானே கையில வரும்?

தறி ஷெட்டுக்கும் இதே கதிதான். சித்தப்பா அறிக்கையில ஒப்பீட்டுக்குக் காட்டியிருந்த மூணு விற்பனையில ஒண்ணு எங்க தெருவுலயே நடந்தது. கை மாறின தொகை தெருவுக்கே தெரியும். பத்திரத்துல பாதிகூட இல்லை. மதிப்பீட்டாளர் என்ன செய்வார்? காகிதத்துல உள்ளதைத்தான் எழுத முடியும். சித்தப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அந்தப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்தே நான்தாம்ல போட்டேன்"னார். அவர் கேட்ட கடன்ல முக்கால்வாசிதான் வந்துச்சு.

2019-ல் தென்காசி மாவட்டம் பிரிஞ்சதுல இருந்து எங்க ஊர்ப் பக்கம் இடம் வாங்குறது விக்கிறது ஜாஸ்தியாயிருக்கு. நீங்களும் எங்கயாவது பத்திரம் போடப் போறீங்கன்னா, அந்தத் தொகைக் கட்டத்துல எழுதறப்ப ஒரு நிமிஷம் யோசிங்க. மிச்சமாகிற முத்திரைத் தீர்வை உங்களுது. ஆனா அந்த நம்பரை வச்சு அடுத்த வீட்டுக்காரனுக்குக் கடன் வரும், ரோட்டுக்கு நிலம் கொடுக்கிற விவசாயிக்கு நஷ்டஈடு வரும்.