சிவாஜிநகரிலிருந்து பார்த்தால்: புகழும் பதவியும்

ஊரிலிருந்து வரும் உறவினர்கள் எங்கள் பேருந்து நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும், "பரவாயில்லையே, நம்ம சிவாஜி பேருல இங்க ஒரு பேட்டையே இருக்கே!" என்பார்கள். கண்டோன்மெண்டில் பிளாக்பள்ளி என்றிருந்த இடத்துக்கு வைத்தது சத்ரபதி சிவாஜியின் பெயர். அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் அந்த மராட்டிய மன்னராக நடித்ததால்தான் கணேசனுக்கும் பெரியார் அப்பெயரைச் சூட்டினார்.

"நடிகரைக் கண்டா நாற்காலியைக் கொடுத்துடுவீங்களே" என்று கன்னட நண்பர்கள் கேலி செய்வதுண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அதே சிவாஜி கணேசன் 1988-இல் தமிழக முன்னேற்ற முன்னணியைத் தொடங்கி, 1989 தேர்தலில் திருவையாற்றில் நின்று தோற்றார். எம்.ஜி.ஆர். 1953-இல் தி.மு.க.வில் சேர்ந்தார், 1967-இல் பரங்கிமலை எம்.எல்.ஏ. ஆனார், 1972-இல் நீக்கப்பட்டதும் தனிக்கட்சி கண்டார், ரசிகர் மன்றங்களே கட்சிக் கிளைகளாயின. முதல்வரானது 1977-இல். அது இருபத்து நான்கு வருட அரசியலின் பலன்.

கன்னட நாட்டின் வழி வேறு. அங்கும் நடிகர் அம்பரீஷ் மண்டியாவில் 1998, 1999, 2004 என மூன்று முறை எம்.பி. ஆனார். ஆனால் எல்லோருக்கும் மேலாக வைக்கப்பட்ட ராஜ்குமார் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. 1982-இல் கோகாக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி, பள்ளிகளில் கன்னடத்துக்கு முதலிடம் கேட்டார், பதவி கேட்கவில்லை. நாம் பதவி கொடுத்து அன்பைக் காட்டினோம். அவர்கள் பதவியை நாடாததற்காகவே அவரை இன்னும் உயர்த்தினார்கள்.

பதவியில்லாப் புகழின் பலத்தை 2000-இல் நேரில் கண்டோம். ஜூலை 30 இரவு அவரைக் காஜனூரிலிருந்து வீரப்பன் கடத்திச் சென்றான். இரு மாநில முதல்வர்களும் சேர்ந்து தூது அனுப்ப வேண்டியதாயிற்று. நாங்களோ, "பஸ்ஸுல தமிழ் பேசாதீங்கடா" என்று சொல்லிப் பிள்ளைகளை அனுப்பினோம். 108 நாள் கழித்து, நவம்பர் 15-இல் அவர் விடுதலையானபோது எங்கள் தெருவில் இரு மொழிக்காரரும் இனிப்பு கொடுத்துக்கொண்டோம்.

அவர் பிறந்த காஜனூர் இன்று தமிழகத்தில் இருக்கிறது. ஜெயலலிதா பிறந்தது மேல்கோட்டையில். ரஜினிகாந்த் இதே பெங்களூரில் பிறந்து பஸ் கண்டக்டராக இருந்தவர். 2017 டிசம்பரில் அரசியலுக்கு வருவதாக அறிவித்து, 2020 டிசம்பரில் விலகிக்கொண்டார். ஆக, புகழ் பெற்றவரிடம் எதை எதிர்பார்ப்பது என்பது அவர் பிறந்த மண்ணைப் பொறுத்ததல்ல. அவரைக் கொண்டாடும் மக்களைப் பொறுத்தது. இரண்டு வழக்கமும் தெரிந்த நம் பிள்ளைகள் எதையும் கேலி செய்யாமல் இரண்டையும் எடை போடக் கற்க வேண்டும் என்பதே என் ஆசை.