எ கோர்ட் ஆஃப் தோர்ன்ஸ் அண்ட் ரோசஸ்

எ கோர்ட் ஆஃப் தோர்ன்ஸ் அண்ட் ரோசஸ் (பொருள்: முட்களும் ரோசாக்களும் கொண்ட அரசவை) என்பது அமெரிக்க எழுத்தாளர் சாரா ஜே. மாஸ் எழுதிய ஆங்கிலக் கனவுருப்புனைவுப் புதினம் ஆகும். புளூம்ஸ்பரி பதிப்பகம் இதனை 2015 மே மாதத்தில் வெளியிட்டது. மனிதப் பெண் ஒருத்திக்கும் ஃபே எனும் மாய இனத்தைச் சேர்ந்த ஆட்சியாளன் ஒருவனுக்கும் இடையிலான காதலை இது கூறுகிறது. இதே பெயரில் அமைந்த தொடரின் முதல் நூலும் இதுவே. காதல் கதையையும் கனவுருப்புனைவையும் இணைக்கும் இவ்வகை "ரொமான்டசி" என்று அழைக்கப்படுகிறது. ஆக்ஸ்போர்டு அகராதியின் 2024 ஆம் ஆண்டுச் சொல்லுக்கான இறுதிப் பட்டியலில் இச்சொல்லும் இடம்பெற்றது.

ஃபே இனம்

ஃபே என்பதைத் தமிழில் தேவதை என்று கூறினால் பொருள் முழுமையாக வராது. பிரித்தானியத் தீவுகளின் நாட்டார் கதைகளில் வரும் இவர்கள் அருள் வழங்கும் தெய்வங்கள் அல்லர். அழகும் கொடுமையும் ஒருங்கே கொண்டவர்கள். மனிதரைக் கவர்ந்து செல்பவர்கள். இவர்களோடு செய்துகொள்ளும் உடன்படிக்கையை மீற இயலாது என்பது இக்கதைகளில் அடிக்கடி வரும் கருத்தாகும். ஃபேக்களுக்கு இரும்பு ஆகாது, அவர்களால் பொய் கூற இயலாது என்ற பழைய நம்பிக்கைகளை இப்புதினத்தின் மனிதர்களும் நம்புகின்றனர். ஆனால் அவை உண்மையல்ல என்பது கதையின் போக்கில் தெரியவருகிறது. அவர்கள் உண்மையில் அஞ்சுவது ஆஷ் எனும் மரத்தால் செய்த ஆயுதங்களுக்கே.

கதைச் சுருக்கம்

குறிப்பு: கதையின் முடிவு இப்பகுதியில் கூறப்பட்டுள்ளது.

செல்வம் இழந்த வணிகர் ஒருவரின் மூன்று மகள்களில் இளையவள் ஃபேரா. வயது 19. எழுதப் படிக்க அறியாத அவள், வேட்டையாடித் தன் குடும்பத்தைக் காக்கிறாள். ஒருநாள் காட்டில் ஓநாய் ஒன்றைக் கொல்கிறாள். அது ஓநாய் வடிவில் வந்த ஃபே ஆகும். அதற்கு ஈடாக, டாம்லின் என்பவன் அவளைப் பிரித்தியன் எனும் ஃபே நாட்டிற்குக் கொண்டு செல்கிறான். அவன் அந்நாட்டின் வசந்த அரசவையின் தலைவன். அங்கு வெறுப்பு மெல்லக் காதலாக மாறுகிறது.

டாம்லின் அமரந்தா என்பவளின் சாபத்திற்கு உட்பட்டவன். ஃபேக்களை வெறுத்து, அவர்களுள் ஒருவரைக் கொன்ற மனிதப் பெண் ஒருத்தி அவனை மனதாரக் காதலிப்பதாகக் கூறினால் மட்டுமே சாபம் நீங்கும். ஃபேரா இதனை மிகத் தாமதமாகவே அறிகிறாள். பின்னர் அவனை மீட்க மலைக்கு அடியில் உள்ள அமரந்தாவின் அவைக்குச் சென்று மூன்று சோதனைகளை ஏற்கிறாள். இரவு அரசவையின் தலைவனான ரைசாண்ட் அங்கு அவளுக்கு உதவுகிறான்; அதற்கு விலையாக மாதம் ஒரு வாரம் அவள் தன்னிடம் வரவேண்டும் என்கிறான். மூன்றாம் சோதனையில் அவள் குற்றமற்ற இருவரைக் கொல்ல நேர்கிறது. விடுகதைக்குக் காதல் என்ற சரியான விடையைக் கூறிய பின் அவள் கொல்லப்படுகிறாள். ஏழு அரசவைத் தலைவர்களும் சேர்ந்து அவளுக்கு ஃபேயாக மறுவாழ்வு தருகின்றனர்.

மூலக் கதைகள்

இப்புதினம் அழகியும் அரக்கனும் என்ற பிரெஞ்சுக் கதையைத் தழுவியது. அக்கதையை வில்னெவ் 1740 இல் எழுதினார். போமோன் 1756 இல் சுருக்கி வெளியிட்டார். டாம்லின் என்ற பெயர் இசுக்காட்லாந்தின் டாம் லின் எனும் கதைப்பாடலை நினைவூட்டுகிறது. பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டின் தொகுப்பில் அது 39 ஆவது பாடலாகும். ஃபேக்களின் அரசியிடம் சிக்கிய ஆடவனை மனிதப் பெண் ஒருத்தி மீட்பதே அதன் கதை. புதினத்தின் முற்பகுதி பிரெஞ்சுக் கதையையும் பிற்பகுதி இப்பாடலையும் ஒத்துள்ளது. முற்பகுதியில் சிறைப்பட்டவளாக இருக்கும் பெண் பிற்பகுதியில் மீட்பவளாகிறாள்.

வாசகர் எதிர்வினை

வாசகர்கள் நடுவே அதிகம் விவாதிக்கப்பட்ட கேள்வி ஒன்று உண்டு: வெளியேறும் உரிமை இல்லாத இடத்தில் தோன்றும் அன்பைக் காதல் எனக் கொள்ளலாமா? கொலைக்கு ஈடு என்ற பெயரில் ஃபேரா அழைத்துச் செல்லப்பட்டாலும், டாம்லின் தன் வீரர்களை ஓநாய்களாக அனுப்பியதே இத்தகைய ஒரு பெண்ணைக் கண்டடைவதற்காகத்தான். அவளுடைய காதல் பிறர் வகுத்த திட்டத்தின் பகுதியாக இருந்துள்ளது. இருப்பினும் டாம்லினின் பரிவையும், உயிரைப் பணயம் வைத்து ஃபேரா எடுக்கும் முடிவையும் கொண்டு இதனை உண்மையான காதல் என ஏற்பவர்களும் உள்ளனர்.

2016 இல் வெளிவந்த இரண்டாம் நூல் இவ்விவாதத்தைத் திசை திருப்பியது. அதில் டாம்லின் பாதுகாப்பு எனக் கூறி ஃபேராவை வீட்டினுள் அடைத்து வைக்கிறான். அவள் அவனை விட்டு நீங்கி, பின்னர் ரைசாண்டைத் துணையாக ஏற்கிறாள். இதன்பின் முதல் நூலை மீண்டும் படித்தவர்களுக்கு, முன்பு அன்பாகத் தோன்றிய செயல்கள் கட்டுப்படுத்தலின் அறிகுறிகளாகத் தோன்றின. நெருப்பு இரவு விழாவில் டாம்லின் நடந்துகொள்ளும் முறை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

ரைசாண்டும் இக்கேள்விக்கு விலக்கல்ல. மலைக்கு அடியில் அவன் ஃபேராவுக்கு மயக்கும் மதுவைக் கொடுத்து அவைமுன் ஆடச் செய்கிறான். அவளைக் காப்பதற்கே அவ்வாறு செய்ததாக இரண்டாம் நூல் விளக்குகிறது. நோக்கம் நல்லதானால் செயல் மன்னிக்கத்தக்கதா என்பதில் வாசகர்களிடையே உடன்பாடு இல்லை. ஒருவனிடம் குற்றமாகக் கண்டதை மற்றவனிடம் நூல் எளிதாக மன்னிக்கிறது என்பது முக்கியமான குறைகூறல்களுள் ஒன்று.

வயது வகைப்பாடும் தடையும்

இந்நூல் முதலில் பதின்ம வயதினருக்கான நூலாக விற்கப்பட்டது. தொடரில் உள்ள வெளிப்படையான பாலியல் காட்சிகள் காரணமாக அவ்வகைப்பாடு கேள்விக்கு உள்ளானது. 2020 இல் புதிய அட்டைகளுடன் பெரியவர்களுக்கான நூலாக வெளியிடப்பட்டது. அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2024 ஆகத்து மாதத்தில் அரசுப் பள்ளிகளில் 13 நூல்களைத் தடை செய்தது. அவற்றுள் 6 நூல்கள் மாஸ் எழுதியவை. இப்புதினமும் அவற்றில் ஒன்று.

தொடரின் நூல்கள்

* எ கோர்ட் ஆஃப் தோர்ன்ஸ் அண்ட் ரோசஸ் (2015)
* எ கோர்ட் ஆஃப் மிஸ்ட் அண்ட் ஃபியூரி (2016)
* எ கோர்ட் ஆஃப் விங்ஸ் அண்ட் ரூயின் (2017)
* எ கோர்ட் ஆஃப் ஃபிராஸ்ட் அண்ட் ஸ்டார்லைட் (2018)
* எ கோர்ட் ஆஃப் சில்வர் ஃபிளேம்ஸ் (2021)