எச்சம் இரண்டு: ஒரு நூற்பாவும் அதன் உரையும்

சுற்றுப்பெருக்கம் ஒன்றாம் இடத்துக்
கட்டம் அரைச்சுற்று எய்தாது எஞ்சின்
எஞ்சிய பாகை கட்ட எச்சம்;
அரைச்சுற்று எய்தும் அதிர்வெண் அதனிற்
பெருக்கம் ஒன்றிற் குறைந்த அளவு
பெருக்க எச்சம், இரண்டும் வேண்டுப
அலைவிலாப் பெருக்கி அமைக்குந ரானே.

இஃது என் நுதலிற்றோ எனின், எதிர்ப் பின்னூட்டம் உடைய பெருக்கி தானே அலையியற்றியாய்த் திரியாமைக்குரிய இருவகை அளவை உணர்த்துதல் நுதலிற்று. பட்டறையில் ஃபேஸ் மார்ஜின், கெயின் மார்ஜின் என வழங்குவன இவை.

சுற்றுப்பெருக்கம் என்றது, உட்புக்க குறி பெருக்கியைக் கடந்து, பின்னூட்டப் பாதைவழி மீண்டு, புறப்பட்ட இடத்தையே சேருங்கால் அடையும் மொத்தப் பெருக்கத்தை. பெருக்கி 1,00,000 மடங்கு பெருக்கினும், வெளியீட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கே மீளுமாயின் சுற்றுப்பெருக்கம் 100 என்க. 'பெருக்கம்' என வாளா கூறாது 'சுற்று' என அடை கொடுத்தது இதனான்.

ஒன்றாம் இடம் என்றது, அப்பெருக்கம் 1, அஃதாவது 0 டெசிபல், ஆகும் அதிர்வெண்ணை.

அரைச்சுற்று என்பது 180 பாகைப் பின்தங்கல். குறி தன்னோடு தான் ஒன்றுதற்கு முழுச்சுற்றன்றோ வேண்டும், அரைச்சுற்றுக் கூறியது என்னை எனின், கற்போர் நெஞ்சில் நிலைபெற வேண்டிய நுட்பம் இதுவே. எதிர்ப் பின்னூட்டம் எனும்போதே குறி தலைகீழாகின்றது. அஃது ஓர் அரைச்சுற்று. மின்தேக்கிகளால் நேரும் பின்தங்கல் மற்றோர் அரைச்சுற்றைத் தரின், கழித்தற்கு விடுத்த குறி கூட்டுவதாய் மீளும். மீண்டது புறப்பட்ட அளவினதாயின் உள்ளீடு இன்றியும் அலை நிற்கும். 1927இல் பெல் ஆய்வகத்து ஹரால்டு பிளாக் எதிர்ப் பின்னூட்டப் பெருக்கியைக் கண்டபின், இவ்விடரின் எல்லையை 1932இல் வகுத்துக் காட்டியவர் ஹாரி நைக்விஸ்ட். சுற்றுப்பெருக்கமும் கட்டமும் அதிர்வெண் ஏற ஏற இறங்கியே செல்லும் பெருக்கிக்கு அவர் நெறியின் பிழிவே இந்நூற்பா.

எஞ்சின் என்னும் வினையெச்சம், எஞ்சாமையும் உண்டு என்பது தோன்ற நின்றது. எத்துணை எஞ்சின் அமையும் எனின், 60 பாகை எஞ்சின் பின்னூட்டம் பூட்டிய பெருக்கி ஒன்றாம் இடத்து அதிர்வெண்ணில் தனக்குரிய அளவிலேயே நிற்கும். 45 ஆயின் 1.3 மடங்காக உயரும். 10 ஆயின் ஏறத்தாழ 5.7 மடங்கு. சதுர அலையை இட்டு ஆசிலாஸ்கோப்பில் நோக்கின், ஏறிய விளிம்பு தன் மட்டத்தைக் கடந்து எழுந்து, பன்முறை நடுங்கி அடங்கும். அந்நடுக்கம் எச்சம் சுருங்கியதன் அறிகுறி.

ஒன்றிற் குறைந்த அளவு: இதற்கு எடுத்துக்காட்டு வருமாறு. மின்தடையாக்கியும் மின்தேக்கியும் கொண்ட ஒத்த மூன்று நிலைகள், ஒன்று மற்றொன்றைத் தாக்காது தொடர்க. ஒவ்வொன்றும் 60 பாகை பின்தங்கும் அதிர்வெண்ணில் கட்டம் அரைச்சுற்று எய்தும். அங்கு நிலைதோறும் குறி பாதியாகும். மூன்றும் கூடி எட்டில் ஒன்றாகும். ஆகவே தாழ் அதிர்வெண்ணில் சுற்றுப்பெருக்கம் 8 உடையது அலையும். 4 உடையது அவ்விடத்துப் பாதியாய் நின்று, 6 டெசிபல் எச்சம் பெறும். அதன் கட்ட எச்சமோ 27 பாகையே.

இரண்டும் என்ற முற்றும்மை விடற்பாலதன்று. இருநிலைப் பெருக்கியின் கட்டம் அரைச்சுற்றை ஓரிடத்தும் எய்தாமையின் பெருக்க எச்சம் எல்லையற்றது. ஆயினும் கட்ட எச்சம் ஓரிரு பாகையாய்த் தேய்தல் கூடும். ஒன்றனை அளந்து மற்றதனை ஒழித்தார்க்கு அது புலனாகாது.

அமைக்குநர் என்றது பெருக்கியைச் செய்தாரை மட்டுமன்றி, அதனை வாங்கிச் சுற்றில் பூட்டுவாரையும் தழுவும். 741 என்னும் செயல்பாட்டுப் பெருக்கியின் உள்ளே 30 பிக்கோஃபாரட் மின்தேக்கி வைத்து எச்சத்தைக் காத்தனர். அதன் வெளியீட்டையே முழுதும் மீட்டு, 1000 பிக்கோஃபாரட் உடைய நெடுங்கேபிளை இயக்கின், தன் 75 ஓம் வெளியீட்டுத் தடையோடு அக்கேபிள் கூடி, 1 மெகாஹெர்ட்சில் 25 பாகையை உண்டுவிடும். அதனைத் தடுத்தற்குப் பின்னூட்டம் எடுக்கும் புள்ளிக்கும் கேபிளுக்கும் இடையே சிறு மின்தடையாக்கி ஒன்றை வைப்பர்.