மேக்ஸ்வெல் குளக்

மேக்ஸ்வெல் ஹென்றி குளக் (இறப்பு: 1984) அமெரிக்க வணிகர், பந்தயக் குதிரை வளர்ப்பாளர்; 1957 முதல் 1958 வரை இலங்கையில் அமெரிக்கத் தூதர். கட்சிக்கு நிதி கொடுத்தவரைத் தூதராக்கும் அமெரிக்க வழக்கத்துக்கு எடுத்துக்காட்டாக இவர் கதை அடிக்கடி சொல்லப்படுகிறது.

டார்லிங் ஸ்டோர்ஸ் என்ற பெண்கள் ஆயத்த ஆடைக் கடைகளின் தலைவராக இருந்தார். கென்டக்கியின் எல்மெண்டார்ஃப் குதிரைப் பண்ணையும் இவருடையது. 1956 தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு நிதி அளித்தார். மறு ஆண்டே அதிபர் ஐசனோவர் இவரைக் கொழும்புக்கு நியமித்தார்.

1957 ஜூலையில் செனட்டின் வெளியுறவுக் குழு இவரை விசாரித்தது. எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஆர்கன்சாஸ் செனட்டர் வில்லியம் ஃபுல்பிரைட் கேட்டபோது, 20,000 முதல் 30,000 டாலர் வரை இருக்கும் என்றார். இலங்கைப் பிரதமர் யார் என்ற கேள்விக்கோ பெயர் வாயில் வரவில்லை. இந்தியப் பிரதமரைத் தெரியும், பெயரை உச்சரிக்கத்தான் வராது என்றார். இலங்கையின் பண்டாரநாயக்க நீளமான பெயர் என்று விட்டுவிடலாம். இந்தியாவின் நேருவுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. பத்திரிகைகள் கேலி செய்தன. நன்கொடைக்காகப் பதவி தரப்படவில்லை என்று ஐசனோவர் மறுத்தார். செனட்டின் ஒப்புதல் கிடைத்துவிட்டது.

கேலியில் மறைந்துபோனது இலங்கையின் அன்றைய நிலை. சீனாவுக்கு ரப்பர் கொடுத்து அரிசி வாங்கும் 1952 ஒப்பந்தத்தால் அமெரிக்க உதவியை இழந்திருந்த நாடு அது; 1956இல்தான் உதவி தொடங்கியது. பண்டாரநாயக்க அணிசேராக் கொள்கையில் நின்றார். குளக் விசாரிக்கப்பட்ட அதே ஜூலையில், தமிழர் கோரிக்கைகள் குறித்த பண்டா–செல்வா ஒப்பந்தம் கையெழுத்தானது. அவ்வாண்டின் இறுதிக்குள் திருகோணமலை, கட்டுநாயக்கத் தளங்களைப் பிரிட்டன் ஒப்படைத்தது. பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழிக்கப்பட்டு, 1958 மே மாதம் தமிழர்மீது கலவரம் வெடித்தபோதும் குளக்தான் தூதர். பழுத்த ராஜதந்திரிக்கே திணறல் தரும் இடம் அது.

பதவிக்குப் பின் குதிரைத் துறைக்கே திரும்பினார். கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் குதிரை ஆய்வு மையம் இவர் பெயரைத் தாங்குகிறது.

நிதி கொடுத்தவரைத் தூதராக்கும் வழக்கம் அமெரிக்காவின் இரு கட்சிகளுக்கும் பொது. அதிபர் நிக்சனின் வழக்கறிஞர் ஹெர்பர்ட் காம்பாக், 1,00,000 டாலர் நன்கொடைக்குத் தூதர் பதவி தருவதாக வாக்களித்த குற்றத்தை 1974இல் ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 1980ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் சேவைச் சட்டம், தேர்தல் நன்கொடை தூதர் நியமனத்துக்குக் காரணமாகக் கூடாது என்கிறது. நியமிக்கப்படுபவர் தம் நன்கொடைக் கணக்கைச் செனட்டுக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தவர்களை நியமிக்க அச்சட்டம் தடை விதிக்கவில்லை. அத்தகைய நியமனங்கள் இன்றும் தொடர்கின்றன.